பச்சை ஒட்டிய தெரு

அந்த அலுவலகத்து வாசல் காவலாளியிடம் கலர் அக்கா எங்கே என்று கேட்டால், கையைக்கூடத் தூக்கமாட்டார். முகவாயாலேயே மாடியைக் காட்டுவார். மாடியில் கூட்ட அறை. அதன் ஒரு சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் ஒரு கத்தரிக்கோல், மூன்று நிறத்தில் ஒட்டு நாடாச் சுருள்கள். அவற்றுக்கு நடுவே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிற்பவள்தான் கலர் அக்கா.

அவள் படித்தது வரைபடக் கலை. வேலைக்குச் சேர்ந்தபோது சாய்ந்த மேசையும் மைப்பேனாவும் கொடுத்தார்கள். கணினி வந்ததும் மேசை கிடங்குக்குப் போனது. அவளை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் நகரத்துக்கு இருபது ஆண்டுப் பெருந்திட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அதை யாரும் படிக்கவில்லை. படிக்காமலேயே எல்லோரும் பாராட்டினார்கள். புத்தகத்தோடு இந்த வரைபடமும் வந்தது. திட்டத்தில் சொன்ன வேலை எந்தத் தெருவில் தொடங்கவில்லையோ அங்கே சிவப்பு நாடா, தொடங்கியிருந்தால் மஞ்சள், முடிந்திருந்தால் பச்சை. இந்த நாடாவை வெட்டி ஒட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அவள் இருந்தாள்.

திட்டத்தை நடத்தி முடிக்க ஓர் இயக்குநர் வந்தார். வாயைத் திறந்தால் "இருபது வருஷம் தள்ளிப் பார்க்கணும்" என்பார். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றாலும் அதையேதான் சொல்வார். ஆகவே அலுவலகத்தில் அவருக்கு இருபது வருஷம் என்றே பெயர். "இருபது வருஷம் வந்தாச்சா?" "இப்பத்தான் கார் வந்துச்சு." சாப்பிட்டு முடித்ததும் வரைபடத்தில் அங்கங்கே குத்தியிருந்த குண்டூசிகளில் ஒன்றைப் பிடுங்கிப் பல் குத்துவது அவர் வழக்கம். குத்தி முடித்து, அதைச் சட்டையில் துடைத்து, திரும்ப ஏதாவது ஒரு தெருவில் செருகிவிடுவார். எந்த ஊசி என்று தெரியாமல் அவள் எல்லா ஊசியையும் காகிதத்தால் பிடித்துத்தான் எடுப்பாள்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. திட்டம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள். சுவரில் பாதிக்கு மேல் சிவப்பு. இயக்குநர் வரைபடத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். அப்புறம் திரும்பிச் சிரித்தார்.

"முடிச்சா முழு மார்க். தொடங்கினாலே பாதி மார்க். அப்படித்தானே கணக்கு?"

ஆமாம் என்றார்கள்.

"அப்ப எல்லாத் தெருவையும் தொடங்கிடுங்க."

கூட்டத்தில் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அந்த அறையில் தட்டாமல் இருப்பது பேசுவதைவிடச் சத்தமாகக் கேட்கும்.

அடுத்த சில வாரங்களில் தோண்டும் இயந்திரங்கள் நகரம் பூராவும் பரவின. ஒரு தெருவுக்குள் நுழைவது, நடுவில் நீளமாகப் பள்ளம் வெட்டுவது, படம் பிடிப்பது, அடுத்த தெருவுக்குப் போவது. புதுச் சாக்கடைக் குழாய் போடுவதாகத்தான் திட்டம். குழாய் எங்கேயும் வரவில்லை. பள்ளம் வந்தது. வெட்டும்போது பழைய குழாய் உடைந்ததால் அதிலிருந்த எல்லாம் பள்ளத்துக்கு வந்தது. மஞ்சள் நாடா வெட்டி வெட்டி அவள் கட்டைவிரல் காய்த்துப்போனது. நகரத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது போலச் சுவர் பளபளத்தது. மேலிடத்து ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், இயக்குநரின் தோளைத் தட்டினார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று குண்டூசிகள் நிறையவே இடம் மாறின.

அவள் தெருவிலும் பள்ளம் வெட்டினார்கள். அந்தத் தெருவுக்கு மஞ்சள் ஒட்டியதும் அவள் கைதான்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். தம்பி வேறு நாட்டில் இருந்தான். வாரம் தவறாமல் தொலைபேசியில் யோசனை அனுப்பிக்கொண்டிருந்தான். அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனை வண்டி வாசலுக்கே வந்து அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போகும். ரத்தத்தைச் சுத்தம் செய்து திரும்பக் கொண்டுவந்து விடும். அது நின்றால் ஆள் நிற்கமாட்டார் என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். பள்ளம் வந்த பிறகு வண்டி தெருமுனையிலேயே நின்றது. அப்பாவை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, வண்டிக்காரரும் உதவியாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அப்பா மூக்கைப் பொத்தமாட்டார். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருப்பார்.

"காலம்பூரா அத்தனை சனத்தை ஏத்திக்கிட்டுப் போனேன். ஒருத்தரக்கூட இப்படிப் பார்சல் மாதிரித் தூக்கிட்டுப் போனதில்ல" என்பார்.

பள்ளம் வெட்டிய மேஸ்திரியைப் பக்கத்துத் தெருவில் பிடித்துக் கேட்டாள்.

"எங்க வேலை தோண்டுறது மட்டும்தான்மா. குழாய் போடுறது வேற ஆளு."

"அந்த வேற ஆளு எப்ப வருவாரு?"

"அவரை நாங்களே பார்த்ததில்ல. பார்த்தா நாங்க விசாரிச்சதாச் சொல்லுங்க."

ஒரு காலையில் பலகை வழுக்கியது. வண்டிக்காரர் சுதாரித்துக்கொண்டார். ஆனால் நாற்காலி சாய்ந்து, அப்பாவின் ஒரு கால் முழங்கால்வரை பள்ளத்துக்குள் போய் வந்தது. குழாயடியில் கழுவிவிட்டுத்தான் அழைத்துப்போனார்கள். என்ன கழுவியும் போகவில்லை. மருத்துவமனைக் கூடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி எழுந்து போய்த் தள்ளி உட்கார்ந்தாள். செவிலி முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டாள். அப்பா வாழ்நாள் முழுக்கச் செருப்பைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் மூலையில் விடுகிற மனிதர். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இனிமே நான் போகலம்மா."

"என்னப்பா சொல்றீங்க? போகலன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். நாறாமப் போயிடுறேன். விடு."

தம்பி தொலைபேசியில், "ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இல்லியாக்கா அங்க?" என்றான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"சார், எங்க தெருப் பள்ளத்தை மூடணும். அப்பாவுக்கு வண்டி வர மாட்டேங்குது."

"மூடலாம்மா. மூடணும்னா வேலை முடிஞ்சிருக்கணும். முடியாம மூடினா ஏன் மூடினேன்னு கேப்பாங்க." பல்லிடுக்கில் ஊசியை விட்டுக்கொண்டே யோசித்தார். "முடிஞ்சதுன்னே வெச்சுக்குவோமே."

"குழாய் போடலையே சார்."

"மண்ணுக்குக் கீழ இருக்கிறதை யாரும்மா குனிஞ்சு பார்க்கப் போறாங்க? நமக்கும் ஒரு பச்சை ஆச்சு, உங்கப்பாவுக்கும் வழி ஆச்சு. பெத்தவங்களைப் பார்த்துக்கணும்மா. எனக்கும் அம்மா இருக்காங்க."

அவர் ஊசியைச் சட்டையில் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படியே திரும்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகும் கண்ணுக்குள் நின்றது. கூட்ட அறைக்குப் போனாள். மஞ்சளை உரித்தாள். பச்சையை வெட்டி ஒட்டினாள். ஓரம் பிசிறில்லாமல் நகத்தால் நீவியும் விட்டாள். கை பழகிய வேலை. மனசு எங்கே இருந்தாலும் அது நேர்த்தியாகத்தான் செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குள் பள்ளத்தை மூடி, மேலே தார் ஊற்றி உருட்டிவிட்டார்கள். முன்பைவிட உயரமாக, கரும்பலகை மாதிரி ஒரு சாலை. தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. எதிர்வீட்டுத் தையற்கார அக்கா காலால் தட்டிப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லித்தானே இது நடந்துச்சு? வாயே திறக்க மாட்டேன்னு நெனச்சேன். பரவால்ல, காரியக்காரிதான் நீ."

அவள் சிரித்து வைத்தாள். தையற்கார அக்கா அப்பாவுக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். பக்கவாட்டில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள ஒரு பை வைத்துத் தைத்திருந்தாள். அப்பா அதை மருத்துவமனைக்கும் எடுத்துப்போனார். வண்டி வாசல்வரை வந்தது. வளைவில் எப்படித் திருப்ப வேண்டும் என்று வண்டிக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டே போனார், வந்தார். அப்படிச் சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடின.

பிறகு மழை வந்தது.

பழைய குழாய் உடைந்துதான் கிடந்தது. புதியது கிடையாது. இரண்டுக்கும் மேலே மண்ணும் தாரும். வீட்டு வீட்டுக் கழிவெல்லாம் எங்கே போகும்? வந்த வழியே திரும்பி வந்தது. கழிப்பறைக் கோப்பையில் பொங்கியது, குளியலறைத் துளையில் கொப்பளித்தது. சாலையை உயர்த்தியதால் தையற்கார அக்காவின் வீடு பள்ளத்தில் இருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரும் அவள் வீட்டுக்குள்ளேதான் இறங்கியது. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை அத்தனையும் அவள் தைத்து, மடித்து, தரையில் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் வெள்ளைச் சட்டை. காலையில் பார்த்தபோது கீழ்ப்பாதி அடுக்கு கறுத்து ஊறிக் கிடந்தது.

முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அவளே இந்தப் பக்கம் வந்தாள்.

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே. அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னே, ரோடு வந்துச்சு. இன்னொரு வார்த்தை சொல்லேன்."

கலர் அக்கா போய்ச் சொன்னாள். இயக்குநர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"முடிஞ்ச வேலையை எப்படிம்மா தொடங்குறது?"

"முடியலையே சார். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சுவருக்குத் தெரியாதே? பச்சையை எடுக்கிற வழக்கமே நம்மகிட்ட இல்லம்மா. ஒண்ணை எடுத்தா எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க." அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த பெருந்திட்டத்துல முதல் தெருவா உங்க தெருவைப் போட்டுடுவோம். என் கையாலேயே எழுதித் தரேன்."

"அது இன்னும் எத்தனை காலம் கழிச்சு சார்!"

"தொலைநோக்கு வேணும்மா."

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனாள். தையற்கார அக்கா படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையாகச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகர்வது, முகத்தைச் சுளிப்பது, மறுபடி முக்குவது.

"என்ன சொன்னாரு?"

எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குழாய் போடாதது, பச்சை ஒட்டியது, ஒட்டியது யார் என்பது, இனி அந்தத் தெருவில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பது. தையற்கார அக்கா அலசுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்காகத்தானே செஞ்சே? எங்கப்பாவா இருந்தா நானும் செஞ்சிருப்பேன். அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"அக்கா..."

"ஆனா அன்னிக்கு உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அத்தனை பேருக்கு முன்னால பாராட்டினேன் பாரு, அப்ப சிரிச்சே பாரு. அதை நெனச்சாத்தான் இந்தச் சட்டையைவிட நாறுது. இனிமே என் படி ஏறாதே. ஏதாவதுன்னா ரோட்ல நின்னு பேசு. உன் ரோடுதானே, நல்லா இருக்கு."

எதிரே அவள் வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார்.

"என்னைத் திட்டும்மா. அவளை விடு" என்றார் எதிர்வீட்டைப் பார்த்து.

"உங்களைத் திட்டி என்னய்யா ஆகப் போகுது? நீங்கபாட்டுக்கு வண்டியில போறீங்க, வர்றீங்க."

அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வண்டிக்காரருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். போவதை மட்டும் நிறுத்தவில்லை. "அத்தனை பேர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு வழி விட்டிருக்காங்க. போகாம இருந்தா அது இன்னும் அசிங்கம்" என்றார். மழைக்காலம் முடிவதற்குள் மருத்துவமனையிலேயே, இயந்திரத்தோடு இணைந்திருக்கும்போதே, தூங்கியதுபோலப் போய்விட்டார். கண்ணாடி தலையணைப் பையில் இருந்தது.

வண்டி வாசல்வரை வந்து அவரை இறக்கியது. அதே வண்டி.

துக்கம் விசாரிக்க இயக்குநர் வந்தார். காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தார், எதில் வைத்தோம் என்று பார்த்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடியே உள்ளே வந்து, படுத்திருந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளிடம் குனிந்தார்.

"நல்ல சாவும்மா. ரோடும் நல்லா அமைஞ்சிருக்கு. லீவு எடுத்துக்கோ. ஆனா இன்ஸ்பெக்‌ஷன் மறுபடி வருது. கலர் வேலைக்கு வேற ஆள் இல்ல, பார்த்துக்கோ."

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவர் கைக்குட்டைக்குப் பின்னால் பல் இடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். அழுகை நின்றுபோனது. அப்பாவுக்காக அழ வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்தையும் இந்த ஆள் எடுத்துக்கொண்டான் என்று தோன்றியது. அதைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்றைக்கு அவள் முதலில் தேடியது சிவப்பு நாடாவை. எல்லாத் தெருவும் தொடங்கிவிட்டதால் அந்தச் சுருளுக்கு வேலை இல்லாமல், அலமாரிக்கு அடியில் தூசியோடு கிடந்தது. துடைத்து எடுத்து, அளந்து வெட்டி, தன் தெருவின் பச்சைக்கு மேலேயே ஒட்டினாள். முழு மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே சின்னதாக ஒரு சிவப்பு. வெட்டுக்காயம் போல இருந்தது.

மத்தியானத்துக்குள் யாரோ அதன் மேல் பச்சை ஒட்டியிருந்தார்கள். பியூனாக இருக்கும், ஓரம் பிசிறாக இருந்தது. மறுநாள் அவள் அதன் மேல் சிவப்பு ஒட்டினாள். மறுபடி பச்சை. யாரும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டிவரும் என்று இயக்குநருக்குத் தெரியும். வேறு ஆள் இல்லை என்பதும் தெரியும்.  காலையில் வந்ததும் கைப்பையை வைப்பாள், கண்ணாடியை ஏற்றுவாள், ஒரு சிவப்பு ஒட்டுவாள், மற்ற வேலையைப் பார்ப்பாள். நாளாக ஆக அந்த ஒரு தெரு மட்டும் சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு, காலில் முறுக்கிய நரம்பு மாதிரி நின்றது.

ஆய்வுக்கு மேலிடத்து அதிகாரி வந்தார். இயக்குநர் நீளமான குச்சியால் மஞ்சளைக் காட்டிக்கொண்டே வந்தார். அதிகாரியின் விரலில் அந்தத் தெரு தட்டுப்பட்டது. அன்று காலை ஒட்டிய சிவப்பை மறைத்து மேலே புதுப் பச்சை இருந்தது.

"இது என்ன மேடு?"

"ரொம்ப முக்கியமான தெரு சார்" என்றார் இயக்குநர். "அதிக கவனம் எடுத்துக்கிட்ட தெரு."

முக்காலிக்குப் பக்கத்தில் நின்றவள் வாய் திறந்தாள். அந்த அறையில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"அதுக்குக் கீழ சிவப்பு இருக்கு சார். அதுக்குக் கீழ பச்சை. அடியில குழாயே இல்ல. மழை பெய்ஞ்சா வீட்டுக்குள்ள மலம் வருது. பச்சையை முதல்ல ஒட்டினது நான்தான்."

 அதிகாரி அவளைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். நாடாவின் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, மெதுவாகத் துடைத்துக்கொண்டார். "நெக்ஸ்ட் வார்டு" என்றார்.

சாயங்காலம் அவள் எதிர்வீட்டுப் படிக்குக் கீழே, சாலையில் நின்றாள். இரண்டு நாளைக்கு முந்தைய மழை இன்னும் வடியவில்லை, கணுக்கால்வரை நின்றது. உள்ளே மேசைமேல் ஏற்றி வைத்த தையல் இயந்திரத்தில் தையற்கார அக்கா நின்றுகொண்டே தைத்துக்கொண்டிருந்தாள். கலர் அக்கா கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள்.

"நீயா பேசினே?"

"ஆமா."

"உன் பேரையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"கேட்டுக்கிட்டாரா அவரு?"

"கையைத் துடைச்சுக்கிட்டாரு."

இயந்திரம் நின்றது. தையற்கார அக்கா உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. எத்தனை சோப்புக்கும் போகாத கறை பாதிவரை ஏறியிருந்தது. படி இறங்கவில்லை, இவளை ஏறவும் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினாள்.

"அடுத்த தடவை எவனாவது துடைக்கணும்னா, கைக்குட்டையை எடுக்க விடாதே. இதைக் குடு."

கலர் அக்கா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். நாற்றம் அப்படியே இருந்தது. நன்றாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சட்டை இப்போது கூட்ட அறையில், முக்காலியின் மேல், மூன்று சுருள்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். இயக்குநர் எலி ஏதாவது செத்திருக்கும் என்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தைச் சொல்கிறாள்.